கூர் முட்டை, உருண்டை முட்டை

திருப்புலிவனம் என்ற பெயரைக் கேட்டவுடன், "அங்கே புலி உண்டா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்த வரையில் புலி இல்லை, கோழிதான் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், உத்திரமேரூரை எட்டுவதற்குச் சற்று முன்னாலேயே ஊர் வந்துவிடும். புலிக்கால் முனிவர் வழிபட்டதாகச் சொல்லப்படும் வியாக்ரபுரீஸ்வரர் கோயில், அதன் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள், கோயிலைத் தாண்டினால் நெல் வயல். என் தாயைப் பெற்ற ஆயா அந்த ஊரில்தான் இருந்தாள். கோடை விடுமுறை முழுவதும் எனக்கு அங்கேதான் கழியும்.

ஆயாவுக்குக் கோழி வளர்ப்பில் பெரிய பெயர். கோழியை அடைக்கு வைக்கிற நாளில், கேழ்வரகுப் பானைக்குள் சேர்த்து வைத்திருந்த முட்டைகளை எடுத்து முறத்தில் பரப்பிக்கொண்டு உட்காருவாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்ப்பாள். தங்கத்தை உரைத்துப் பார்க்கிற ஆசாரியின் முகத்தில்கூட அவ்வளவு கவனம் இருக்காது.

"முனை கூரா இருந்தா சேவல்டா. உருண்டையா இருந்தா பொட்டை. சேவலை வச்சிக்கிட்டு என்ன பண்றது? பொட்டை இருந்தாத்தானே நாலு முட்டை கிடைக்கும்!"

உருண்டை முட்டைகள் வைக்கோல் பரப்பிய கூடைக்குப் போகும். இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று ஓர் இரும்பு ஆணியும் ஒரு கரித்துண்டும் பக்கத்தில் வைக்கப்படும். கூர் முட்டைகள் குழம்புக்குப் போகும். ஒரு விடுமுறையில் நான் சிரத்தையாக எண்ணிப் பார்த்தேன். பதினொரு உருண்டை முட்டைகளில் ஒன்பது பொரித்தன. வளர்ந்த பிறகு பார்த்தால் ஐந்து சேவல், நான்கு பெட்டை. ஆயாவிடம் போய்ச் சொன்னேன். அவள் சற்றும் கலங்கவில்லை. "காலம் கெட்டுப் போச்சு" என்றாள்.

காலம் எப்போது கெட்டது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு வெகு நாள் பிடித்தது.

*

முட்டையைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்கிற சாஸ்திரம் ஆயாவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிராணிகளைப் பற்றிய தம்முடைய நூலில், நீண்டு கூராக இருக்கிற முட்டை பெண் என்றும், உருண்டையாக இருப்பது ஆண் என்றும் அவர் சொல்கிறார். முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் விவசாய நூல் எழுதிய கொலுமெல்லா நேர் மாறாகச் சொல்கிறார். சேவல் வேண்டுமானால் நீண்ட கூர் முட்டைகளை அடைக்கு வை, பெட்டை வேண்டுமானால் உருண்டை முட்டைகளை வை என்பது அவருடைய யோசனை. ஆக, என் ஆயா அறியாமலே கொலுமெல்லாவின் கட்சியைச் சேர்ந்திருக்கிறாள்.

இரண்டு மேதைகள் நேர் எதிராகச் சொல்லியும் இரண்டு கட்சியும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்ததற்குக் காரணம் சுலபமானது. எந்த முட்டையைக் காட்டி எதைச் சொன்னாலும் பாதி பலித்துவிடும். பலித்ததை ஊரெல்லாம் சொல்லுவோம். பலிக்காவிட்டால் காலத்தின் மீது பழி போட்டுவிடுவோம்.

உண்மையில் முட்டையின் உருவத்துக்கும் உள்ளே இருக்கிற குஞ்சின் பாலுக்கும் சம்பந்தம் இருக்க நியாயமில்லை. கோழியின் சினைப்பையிலிருந்து மஞ்சள் கரு கழன்று முட்டைக் குழாயில் விழுகிறது. வெள்ளைக் கரு அதன் மீது சேர மூன்று மணி நேரம் போல ஆகிறது. ஓடு கட்ட இருபது மணி நேரம் போல ஆகிறது. கூரோ உருண்டையோ அந்தக் குழாயில்தான் அமைகிறது. ஆணா பெண்ணா என்பதோ, மஞ்சள் கரு கழன்று விழுவதற்குச் சற்று முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. பிள்ளை பிறந்த பிறகு தைத்த சட்டையைப் பார்த்து ஜாதகம் சொல்ல முடியுமா?

நடுவில் வேடிக்கைகளும் நடந்திருக்கின்றன. 1474ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஒரு சேவல் முட்டையிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. முறைப்படி விசாரணை நடத்தி, இயற்கைக்கு விரோதமான செயல் என்று தீர்ப்புச் சொல்லி, சேவலையும் முட்டையையும் நெருப்பில் போட்டு எரித்துவிட்டார்கள். அது பெரும்பாலும் சேவல் வேஷம் தரித்த பெட்டையாகத்தான் இருந்திருக்கும். பெட்டைக்கோழிக்கு இடப்பக்கத்துச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்கிறது. அது நோயில் கெட்டுப்போனால் கொண்டையும் வாலும் வளர்ந்து கூவவும் தொடங்குவது உண்டு. பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியாது என்று நம்மவர் பழமொழி சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். பாசல் நகரத்தார் கட்டையை அடுக்கிவிட்டார்கள்.

1920களில் ஜப்பானைச் சேர்ந்த மசூய், ஹஷிமோட்டோ என்ற ஆராய்ச்சியாளர்கள், பிறந்து ஒரு நாளே ஆன குஞ்சைக் கையில் எடுத்து அதன் பின்புறத்தைப் பிதுக்கிப் பார்த்து ஆண், பெண் பிரிக்கிற முறையை உலகத்துக்குச் சொன்னார்கள். அரிஸ்டாட்டில் ஓட்டின் மேல் தேடியதை அவர்கள் குஞ்சின் உடம்பிலே கண்டார்கள். ஆனால், யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி வேறு. அதற்குப் பதில் ஒரு வண்டிலிருந்து வந்தது.

*

அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்றொரு அம்மாள். 1861இல் பிறந்தவர். பள்ளிக்கூட ஆசிரியையாகச் சம்பாதித்துச் சேர்த்து, முப்பத்தைந்து வயதில் சர்வகலாசாலைக்குப் படிக்கப் போனவர். மாவில் விழுகிற ஒருவகை வண்டின் உயிரணுக்களைப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். ஆண் வண்டின் விந்தணுக்கள் இரண்டு விதமாக இருப்பதை அவர் கண்டார். பாதியில் ஒரு குரோமோசோம் பெரியதாக இருக்கிறது. மறு பாதியில் அதற்குப் பதில் ஒரு சின்னது இருக்கிறது. பெரியது போய்ச் சேர்ந்தால் பெண், சின்னது சேர்ந்தால் ஆண். தாயின் முட்டையோ எப்போதும் ஒரே விதம்தான். 1905இல் இதை வெளியிட்டார். எட்மண்ட் வில்சன் என்ற பேராசிரியரும் தனியாக இதே முடிவை அந்த ஆண்டிலேயே எட்டினார். மனிதனுக்கும் இதே கணக்குத்தான் என்பது 1920களில் தெளிவாயிற்று. இன்று எக்ஸ், ஒய் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதுகிறார்களே, அதுதான் இது. நெட்டி ஸ்டீவன்ஸ் 1912இல் ஐம்பது வயதிலேயே காலமாகிவிட்டார்.

சரி, கோழி? அங்கேதான் இயற்கை கணக்கைத் திருப்பிப் போட்டிருக்கிறது. 1906இல் இங்கிலாந்தில் ஓர் அந்துப்பூச்சியை வைத்துச் செய்த சோதனையிலும், அடுத்த சில ஆண்டுகளில் கோழிகளின் இறகு நிறத்தை வைத்துச் செய்த சோதனைகளிலும் இது வெளிப்பட்டது. பறவைகளில் சேவலின் விந்தணு எல்லாம் ஒரே விதம். இரண்டு விதம் பெட்டையிடம்தான் இருக்கிறது. அவற்றுக்கு இசட், டபிள்யூ என்று பெயர் வைத்தார்கள். தாயின் கரு முதிரும்போது இந்த இரண்டில் ஒன்று கருவில் தங்குகிறது; மற்றது ஒரு சிறு துளியாக ஒதுக்கப்பட்டு வீணாகிறது. இசட் தங்கினால் சேவல், டபிள்யூ தங்கினால் பெட்டை. மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பன் கொடுப்பது. பறவையில் தாய் கொடுப்பது.

இந்த ஒரு வரியை நான் பதினேழு வயதில் படித்தேன். அது 1997ஆம் ஆண்டு. பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தில் எக்ஸ், ஒய் படம் போட்டிருந்தது. பரீட்சைக்கு நிச்சயம் வரும் என்று ஆசிரியர் சொன்னதால் படத்தைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்திருந்தேன். அந்த வருஷத்தில்தான் ஆயா வீட்டுத் திண்ணையில் ஒரு நியாயம் பேசினார்கள்.

ஆயாவின் கடைசி மகள், என் சின்னம்மா, பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நான்கு பெண் குழந்தைகள். நான்காவது பிறந்து மூன்று மாதத்தில் அவளைக் குழந்தைகளோடு கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துப் புருஷன் வீட்டார் ஐந்தாறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். வந்தவர்களுக்கு மோர் கொடுத்தோம். மோரைக் குடித்துவிட்டு ஒரு பெரியவர் பேச்சை ஆரம்பித்தார். "பொண்ணு மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க. வயிறுதான் சரியில்லை. வம்சம்னு ஒண்ணு இருக்குதில்ல?" என்றார். பையனுக்கு வேறு பெண் பார்த்தாகிவிட்டது. சம்மதம் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். முதல் மனைவி இருக்கும்போது இரண்டாவது கல்யாணம் செல்லாது என்று 1955ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அந்தத் திண்ணையில் சட்டத்தின் பேச்சு எழவில்லை.

ஆயா ஒன்றே ஒன்று சொன்னாள்: "முட்டைன்னா பொறுக்கி வைக்கலாம். வயித்துக்குள்ள கையை விட்டா பொறுக்க முடியும்?" சொல்லிவிட்டு அழுதாள். அவளும் குற்றம் மகளுடைய வயிற்றில் என்றுதான் நினைத்தாள். கோழிக் கூடையில் பெட்டையாகப் பொறுக்கி வைத்தவள், மகளின் தொட்டிலில் ஓர் ஆண் இல்லையே என்று அழுதாள்.

நான் தூணோரமாக நின்றுகொண்டிருந்தேன். பரீட்சைத்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதத் தயாராக இருந்த பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. பெரியவர்கள் பேசுகிற இடத்தில் பையனுக்கு என்ன பேச்சு என்பார்களே என்ற பயம் பாதி. விந்து, கரு என்றெல்லாம் ஆயா முன்னால் எப்படிச் சொல்வது என்ற வெட்கம் பாதி. அந்தப் பெரியவர்கள் எழுந்து போனார்கள். ஆவணியில் அங்கே கல்யாணம் நடந்தது. சின்னம்மா திருப்புலிவனத்திலேயே தங்கிவிட்டாள்.

*

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் பஸ் நிலையத்துக்குச் சமீபத்திலுள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரில் முப்பது குடும்புகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். குடத்தைக் குலுக்கி, உள்ளே இருப்பது இன்னது என்று அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே! சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் இப்படித்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பெண்களின் பெயர் அந்தக் குடத்தில் விழுந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மனிதருக்குப் பிள்ளை பிறப்பது ஒரு குடவோலைதான். குடம் தகப்பனுடையது. பாதி ஓலையில் ஆண், பாதி ஓலையில் பெண். எடுக்கிற சிறுவனுக்கு விவரம் தெரியாது. தகப்பனைக் குற்றம் சொல்லவும் இடமில்லை. அவன் எதையும் பார்த்து எடுக்கவில்லை. தாயைக் குற்றம் சொல்லவோ கொஞ்சமும் இடமில்லை. அவளிடம் குடமே இல்லை.

பறவையில் குடம் தாயின் கையில் இருக்கிறது. அப்படியானால் அவள் குடத்துக்குள் எட்டிப் பார்க்கிறாளா? இந்தக் கேள்விதான் கடந்த ஐம்பது ஆண்டுகளாகப் பல விஞ்ஞானிகளைக் காட்டிலும் தீவிலும் அலைய வைத்திருக்கிறது. 1973இல் டிரிவர்ஸ், வில்லார்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஓர் ஊகத்தை வெளியிட்டார்கள். தாயின் உடல்நிலையும் இருக்கிற தீனியும் எந்தப் பாலுக்கு அனுகூலமோ, அந்தப் பாலையே தாய் அதிகமாகப் பெறுவாள் என்பது அந்த ஊகத்தின் சாரம். ஊகம் அழகாக இருந்தது. நிரூபணம் வேண்டாமா?

இந்து மகா சமுத்திரத்தில் ஸேஷல்ஸ் தீவுகள் இருக்கின்றன. தமிழர்கள் கடை வைத்தும் உழைத்தும் வாழ்கிற தேசம் அது. அங்கே கஸின் என்றொரு சின்னத் தீவு. அதில் ஒருவகைக் கதிர்க்குருவி வசிக்கிறது. 1968 வாக்கில் உலகத்திலேயே முப்பதுக்கும் குறைவாகத்தான் அந்தக் குருவிகள் இருந்தன. தீவைப் பறவைகளுக்கென்று ஒதுக்கிய பிறகு பெருகின. இந்தக் குருவி பொதுவாக ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். பெண் பிள்ளை வளர்ந்த பின்னும் தாய் தகப்பனோடு தங்கி, அடுத்த குஞ்சுகளுக்கு இரை ஊட்ட உதவி செய்யும். ஆண் பிள்ளை பெரும்பாலும் வேறிடம் தேடிப் பறந்துவிடும். பூச்சி மிகுந்த இடத்தில் மகள் கூட இருப்பது லாபம். பூச்சி குறைந்த இடத்திலோ அவள் வாய்க்கும் சேர்த்து இரை தேட வேண்டியிருப்பதால் நஷ்டம்.

யான் கோம்டர் என்ற டச்சு ஆராய்ச்சியாளர் இந்தக் குருவிகளின் குஞ்சுகளை ஆண், பெண் கணக்கெடுத்து 1997இல் வெளியிட்டார். பூச்சி குறைந்த இடத்தில் நூற்றுக்கு 77 ஆண். பூச்சி நிறைந்த இடத்தில் நூற்றுக்கு 13தான் ஆண். இதோடு அவர் விடவில்லை. வறண்ட இடத்துக் குருவிகளை ஜோடியாகப் பிடித்து வளமான இடத்துக்கு மாற்றினார். அதே தாய்கள் அங்கே போன பிறகு பெரும்பாலும் மகள்களையே பெற்றன. குடம் ஒன்றுதான். வயிறும் அதே வயிறுதான். மாறியது வாழ்க்கைப்பட்ட இடம். அந்த 1997ஆம் ஆண்டு என் நெஞ்சில் எதற்காக நிற்கிறது என்று நேயர்களுக்குத் தெரியும்.

நியூஸிலாந்தில் பறக்கத் தெரியாத ககாபோ என்ற பெருங்கிளி உண்டு. 1995இல் மொத்தம் 51தான் மிஞ்சியிருந்தன. இனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அதிகப்படியாகத் தீனி வைத்தார்கள். தாய்க்கிளிகள் கொழுத்தன, பிறந்த குஞ்சுகளில் ஆணே மிகுந்தது. பெண் கிளி இல்லாமல் இனம் எப்படிப் பெருகும்? ஊகத்தை நினைவுபடுத்திக்கொண்டு, தாய்கள் அளவுக்கு மீறிக் கொழுக்காதபடி தீனியைத் திருத்தினார்கள். ஆண் மிகுதி நின்றது. 2002ஆம் ஆண்டுப் பருவம் ஒன்றிலேயே 62ஆக இருந்த கிளிகள் 86ஆயின. ஒரு புத்தகத்து ஊகம் ஓர் இனத்தைப் பிழைக்க வைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதனால் எல்லாப் பறவையும் இஷ்டப்படி பிள்ளை பெறுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. பல பறவைகளில் எண்ணிப் பார்த்துப் பாதிக்குப் பாதி என்றே கண்டிருக்கிறார்கள். நம் வீட்டுக் கோழியும் அந்தக் கணக்குத்தான். தாய் எந்த வழியாக ஓலையைத் தெரிந்தெடுக்கிறாள் என்பதும் இன்னும் விவாதத்தில் இருக்கிற விஷயம்.

*

பால் ஒருபுறம் இருக்கட்டும். முட்டைக்குள் தாய் என்ன கட்டி அனுப்புகிறாள் என்பது இன்னொரு கதை. அதற்குத் திருப்புலிவனத்திலிருந்து வெகு தூரம் போக வேண்டியதில்லை. பஸ் ஏறினால் வேடந்தாங்கல்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரியில் பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதையில் வருகிற அதே கலெக்டர்தான். 1798இல் அவர் ஊராருக்குக் கௌல் எழுதிக் கொடுத்தார். பிற்பாடு 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936இல் சர்க்கார் அதைச் சரணாலயமாக அங்கீகரித்தது. ஊரார் வெறும் இரக்கத்தால் மட்டும் செய்யவில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எருவாகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தீபாவளி வெடியைக்கூட அடக்கி வாசிக்கிற ஊர் அது.

கார்த்திகை, மார்கழியில் அந்த ஏரி மரங்களைப் பார்த்தால் பூத்த மாதிரி இருக்கும். நத்தைக்குத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் கிளைக்குக் கிளை கூடு கட்டிக்கொண்டு கூச்சலிடும். சுற்று வட்டாரத்து வயல்களில் மாட்டுக்குப் பின்னாலேயே நடக்கிற வெள்ளை உண்ணிக்கொக்கை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சாதுவைப் போல நடக்கும். அதன் கூட்டில் நடப்பது குருக்ஷேத்திரம். மூன்று முட்டை இட்டால், முதல் இரண்டும் முந்திப் பொரிக்கும். மூத்த குஞ்சுகள் மூன்றாவதைக் கொத்தி, இரை கிடைக்காமல் தள்ளி, பல சமயம் கொன்றுவிடும். தாய் பக்கத்திலேயே நிற்பாள், விலக்க மாட்டாள்.

விலக்காதது மட்டுமல்ல. 1997இல் ஷ்வாபல், மாக் முதலிய ஆராய்ச்சியாளர்கள் உண்ணிக்கொக்கின் முட்டைகளைச் சோதித்தார்கள். சண்டைக் குணத்தைத் தூண்டுகிற ஆண் ஹார்மோன்கள் முதல் முட்டைகளின் மஞ்சள் கருவில் கடைசி முட்டையில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு இருந்தன. மூத்ததற்குக் கத்தியைக் கொடுத்து, இளையதை வெறுங்கையோடு அனுப்புகிறாள் தாய்! கேட்கவே நெஞ்சு பதைக்கிறது. ஆனால் அவள் கணக்கு வேறு. மழை பொய்த்தால் மூன்றையும் காப்பாற்ற முயன்று மூன்றையும் இழக்க நேரும். மழை நன்றாகப் பெய்து இரை மிகுந்தால் மூன்றாவதும் தேறும். மூத்ததில் ஒன்று கெட்டுப்போனால் அந்த இடத்துக்கு இது வரும். இதே ஷ்வாபல் 1993இல் கேனரிக் குருவியைச் சோதித்தபோது எதிர்மாறாகக் கண்டார். அங்கே பிந்தி இட்ட முட்டைகளுக்குத்தான் ஹார்மோன் அதிகம். அந்தத் தாய் கடைக்குட்டிக்குப் பரிந்து வருகிறாள்.

மயிலிடமும் இப்படி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் விப்ஸ்னேட் மிருகக்காட்சிப் பூங்காவில் மரியன் பெட்ரி என்ற அம்மாள் நம் நாட்டு மயில்களை வைத்து ஆராய்ந்தார். தோகை சிறந்த ஆணோடு சேர்ந்த பெண் மயில் அதிக முட்டை இடுகிறது என்று 1993இல் வெளியான அவருடைய ஆராய்ச்சி சொல்கிறது. முட்டைக்குள் எவ்வளவு செலவழிப்பது என்று தாய் கணக்குப் பார்த்துத்தான் செலவழிக்கிறாள். கையில் இருப்பது கொஞ்சம், வீட்டில் பிள்ளைகள் நான்கு என்று தவிக்கிற எந்தத் தாயும் அந்தக் கணக்கைப் புரிந்துகொள்வாள்.

*

குடத்துக்குள் எட்டிப் பார்க்கிற ஆசை பறவையைவிட மனிதனுக்குத்தான் அதிகம். முட்டைக் கோழி வளர்க்கிற தொழிலில் சேவல் குஞ்சுக்கு வேலையில்லை. முட்டையும் இடாது, கறிக்கும் விரைவில் கொழுக்காது. ஆகையால் பொரித்த அன்றே கழித்துவிடுகிறார்கள். அதில் தப்பியவைதான், சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சாயம் பூசி நம் தெருக்களில் கூடையில் வைத்து விற்கப்படுகிற குஞ்சுகள். குழந்தைகள் அழுது வாங்கி, அட்டைப் பெட்டியில் வளர்த்து, மூன்றாம் நாள் அழுது புதைக்கிற குஞ்சுகள். ஜெர்மனி 2022இலும் பிரான்ஸ் 2023இலும் இப்படிக் குஞ்சுகளைக் கொல்வதைத் தடை செய்தன. இப்போது முட்டையில் ஊசி முனையளவு துளை போட்டு உள்ளே இருப்பது எது என்று பார்க்கிற இயந்திரங்கள் வந்திருக்கின்றன. ஆயாவின் விரல்கள் தேடியதை இயந்திரம் கண்டுவிட்டது.

நாமும் குஞ்சுகளோடு நிற்கவில்லை. பிறந்த பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லக் கூடாது என்று 1994இல் சட்டம் செய்ய வேண்டி வந்தது. கொக்குக்குப் பஞ்சம் என்ற ஒரு காரணமாவது இருந்தது.

சென்ற தை மாதம் திருப்புலிவனம் போயிருந்தேன். ஆயா இல்லை. சின்னம்மாவுக்கு அறுபது கடந்துவிட்டது. பெண்கள் நால்வரும் படித்து, கல்யாணமாகி, வேலை பார்க்கிறார்கள். மூத்தவள் அனுப்பிய பணத்தில்தான் வீடு மச்சாகியிருக்கிறது. சின்னம்மா முறத்தில் முட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே உட்கார்ந்து, மேலே எழுதிய கதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். வண்டைச் சொன்னேன், தீவுக் குருவியைச் சொன்னேன். கடைசியில், நம் ஜாதியில் அது தகப்பன் கொடுப்பது என்பதையும் சொன்னேன்.

உருட்டிக்கொண்டிருந்த முட்டையை அவள் கீழே வைத்தாள்.

"இது எப்போ தெரியும் உனக்கு?"

"அப்பவே தெரியும் சின்னம்மா. அந்த வருஷம் பாடத்துலயே இருந்தது."

வெகு நேரம் அவள் பேசவில்லை. வாசலில் ஒரு பெட்டை கொக்கரித்து ஓய்ந்தது.

"சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பாங்களா? கேட்டிருக்க மாட்டாங்க" என்றாள். பிறகு, "ஆனா எனக்காவது சொல்லியிருக்கலாம்டா தம்பி. இத்தனை வருஷமா நானும் என் வயித்தைத்தானே திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முறத்தை இழுத்து, கூர் முட்டை உருண்டை முட்டை என்று பார்க்காமல் பதினொன்றை எண்ணி எடுத்துக் கூடையில் வைத்தாள்.